வலுமாற்றிகளில் ஆளியிழப்பு

மின்சத்தியை வேண்டிய வடிவில் மாற்றித் தருங் கருவிகள் இன்று எங்கும் உள. கூரைமேற் சூரியத் தகடுகள் தரும் நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கி மின்வலைக்கு ஊட்டுவதும், கைத்தொலைபேசியின் மின்கலத்துக்கு ஏற்றவாறு உயரழுத்தத்தைத் தாழ்த்துவதும் இவற்றின் தொழிலே. இலத்திரனியல் வலுமாற்றிகள் எனப்படும் இவற்றினுள்ளே, செக்கனிற் பல்லாயிரம் முறை திறந்து மூடுந் திரான்சிற்றர் ஆளிகளே உயிர்நிலையாய் விளங்குகின்றன.

குறைவிலா ஆளியொன்று வலுவை இழப்பதில்லை. திறந்திருக்கும்போது அதனூடே ஓட்டமில்லை. மூடியிருக்கும்போது அதன் முனைகளிடையே அழுத்தமில்லை. வலு என்பது இவ்விரண்டின் பெருக்கமாதலின், ஒன்று பூச்சியமாயின் பெருக்கமும் பூச்சியமே. ஆயின் உண்மையான ஆளி நிலைமாறச் சிறிது காலம் எடுக்கும். அவ்விடைக்காலத்தில் ஓட்டமும் அழுத்தமும் ஒருங்கே நிற்றலால் வெப்பம் பிறக்கின்றது. இதுவே ஆளியிழப்பு.

400 உவோற்று அழுத்தத்தில் 10 அம்பியர் ஓட்டத்தை ஆளுந் திரான்சிற்றர், ஒவ்வொரு முறை நிலைமாறவும் 50 நனோசெக்கன் எடுக்கின்றது எனக் கொள்க. ஒரு மாற்றத்தில் இழக்கப்படுஞ் சத்தி இம்மூன்றின் பெருக்கத்திற் பாதி. அதாவது 100 மைக்குரோயூல். திறத்தலும் மூடலுஞ் சேர 200 மைக்குரோயூல். இது மிகச் சிறு தொகையே. ஆயின் செக்கனுக்கு 1,00,000 முறை இது நிகழின் இழப்பு 20 உவாற்றாகும். அதே ஆளியின் தடை 0.1 ஓம் எனின், காலத்திற் பாதி மூடியிருக்கையிற் கடத்தலால் நேரும் இழப்பு 5 உவாற்று மாத்திரமே.

அங்ஙனமாயின் மீடிறனைத் தாழ்த்தலாகாதோ எனின், தாழ்த்தலாம். ஆயின் ஒவ்வொரு சுற்றிலுஞ் சேமிக்க வேண்டிய சத்தி அதனாற் பெருகும். தூண்டற்சுருளும் நிலைமாற்றியுங் கொள்ளளவியும் பருத்துக் கனக்கும். எனவே உயர் மீடிறனை விடாது இழப்பைக் குறைத்தலே பொறியியலாளர் முன்னுள்ள பணியாகும்.

முதலாவது வழி விரைந்து நிலைமாற்றல். திரான்சிற்றரின் வாயிலுக்கு வலிய ஓட்டத்தை ஊட்டின் இது கைகூடும். எனினும் விரைவு மிகின், கம்பிகளின் தூண்டுதிறனால் அழுத்தம் திடீரென எகிறி ஆளியைச் சிதைக்கலாம்; அயலிலுள்ள வானொலிக்கும் இடையூறு விளையும்.

இரண்டாவது வழி பொருளை மாற்றல். ஓர் ஆளி மூடும்போது, எதிர்ப்புறத்துச் சிலிக்கன் இருவாயியில் தேங்கிய ஏற்றமும் அவ்வாளியூடே பாய்ந்து இழப்பைக் கூட்டும். 2001 இற் சந்தைக்கு வந்த சிலிக்கன் காபைட்டு இருவாயியில் இத்தேக்கம் இல்லையெனலாம். கல்லியம் நைத்திரைட்டுத் திரான்சிற்றர்கள் நிலைமாறும் விரைவோ இன்னும் பெரிது. 2 கிலோவாற்று வலுமாற்றியை 40 கன அங்குலத்துள் அடக்குமாறு கூகிள் நிறுவனம் 2014 இல் அறிவித்த போட்டியில், 2016 இல் வென்ற பெல்சிய நாட்டுக் குழுவினர் கையாண்டவை இத்திரான்சிற்றர்களே.

மூன்றாவது வழி, ஆளிக்குச் சமாந்தரமாகக் கொள்ளளவியை இணைத்து, திறக்கும்போது அழுத்தம் மெல்ல ஏறச் செய்தல். அதிற் சேர்ந்த சத்தியைப் பின்னர் தடையொன்றில் எரித்துவிடின், வெப்பம் ஒழிந்ததன்று, இடம் மாறியதே.

நான்காவதாகிய மென்மாற்றம் இக்குறையை நீக்க எழுந்தது. தூண்டற்சுருளுங் கொள்ளளவியும் பரிவுறும்போது அழுத்தம் ஊசல்போல் ஏறி இறங்கும். அது பூச்சியத்தை அடையும் வேளையில் ஆளியை மூடின், பெருக்கம் பூச்சியமாகும். கொள்ளளவியின் சத்தியுஞ் சுற்றுக்கே மீளும். 1980களில் வெர்சினியாவில் பிரெட் லீயும், விசுகொன்சினில் தீபக் திவானும் இத்துறையை வளர்த்தனர். இதற்கும் விலையுண்டு. பரிவுக்கெனச் சுழலும் ஓட்டங் கடத்தலிழப்பைக் கூட்டும். சுமை குறைந்தவிடத்து, பல சுற்றுக்களில், அழுத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்கப் போதிய ஓட்டம் இராது.

ஆகவே ஒரு வழியே எங்கும் பொருந்துமெனக் கொள்ளலாகாது. ஆளியிழப்பையுங் கடத்தலிழப்பையுங் கூட்டி, முழுச்சுமையிலும் குறைசுமையிலும் அத்தொகை யாதென நோக்கியே வழியைத் தெரிதல் வேண்டும். சூரிய ஒளியிற் பிறந்த மின் பயன்படுமிடத்தை அடையுமுன் நான்கு வலுமாற்றிகளைக் கடக்கின்றது எனக் கொள்க. ஒவ்வொன்றும் நூற்றுக்கு 97 பங்கைக் கடத்தினும், இறுதியில் எஞ்சுவது ஏறத்தாழ 88.5 பங்கே. ஒவ்வொன்றும் 99 பங்கைக் கடத்துமாயின் 96 பங்கு எஞ்சும். நனோசெக்கன்களில் நிகழும் ஓரிழப்பைக் குறைக்க அறிஞர் இத்துணை முயல்வதன் காரணம் இதுவேயாம்.