பசித்த சுண்டெலி ஏன் சில்லிட்டுப் போகிறது?

ஒரு நாள் முழுக்கத் தீனியில்லாமல், குளிர்ந்த கூண்டில் கிடக்கும் சுண்டெலி உடலைச் சுருட்டிக்கொண்டு அசையாது. தொட்டால் சில்லென்றிருக்கும். ஆனாலும் உயிரோடுதான் இருக்கிறது!

ஏன் இப்படி? சின்ன உடலில் எடைக்குத் தோல்பரப்பு அதிகம். வெப்பம் வேகமாக வெளியேறும். குளிரில் 37 டிகிரியைக் காக்கவே உணவில் கணிசமான பங்கு செலவாகிவிடும். தீனி இல்லாதபோது உடலைக் குளிரவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

எப்படி நடக்கிறது? பட்டினியில், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் ஹார்மோன் குறைகிறது. பஞ்சத்தை உணர்ந்த மூளையின் ஹைப்போதலாமஸ் வெப்ப அளவைத் தாழ்த்துகிறது. இதயத்துடிப்பு மந்தமாகி, உடல்வெப்பம் 30 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. சில மணி நேரம் கழித்து, பழுப்புக் கொழுப்பை எரித்து எலி மறுபடி சூடேறுகிறது.

2020-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இந்தக் குளிர்நிலையை இயக்கும் நரம்பணுக்களை ஹைப்போதலாமஸில் கண்டறிந்தனர். அவற்றைத் தூண்டியதும், வயிறு நிறைந்த எலிகளின் உடலும் குளிர்ந்தது.