வாய் திறக்க வேண்டிய வகுப்பறை

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்த செங்கம் சாலையில் கடை நடத்துவோரும் ஆட்டோ ஓட்டுவோரும் வெளிநாட்டவரிடம் ஆங்கிலம் பேசிப் பழகியிருக்க, அம்மொழியைப் பள்ளியில் பல ஆண்டுகள் படித்த மாணவர் பலர் பேசத் தயங்குகின்றனர். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என மாணவரைப் பகுக்கும் ‘கற்றல் பாணி’ இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. ஆயினும் 2008இல் ஹெரால்டு பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளரும் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பாணிக்கேற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்றது. மொழியியலாளர் மெரில் ஸ்வெயின் 1985இல் முன்வைத்துப் பின்னர் விரித்த வெளிப்பாட்டுக் கருதுகோளோ, ஒன்றைச் சொல்ல முயலும்போதுதான் கற்பவர் தம் மொழியறிவின் குறையை உணர்ந்து திருத்திக்கொள்கிறார் என்கிறது. அவ்வாறு சொல்ல முயலும் வாய்ப்பு கடைத்தெருவில் நாள்தோறும் வாய்க்கிறது. எழுத்துத் தேர்வையே நோக்கும் வகுப்பறையில் அரிது. ஆகவே ‘இவர் காதால் கற்பவர் அல்லர்’ என்று ஒரு மாணவரை ஒதுக்குவது அநீதியே. பிழையோடு பேசவும் அவருக்கு நேரம் தரப்பட வேண்டும்.