மூன்று சகோதரர்களும் ஆறாம் குரோமோசோமும்

காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி மரபு. பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்களாம். குண்டனி நாடு, வளப்பூர் நாடு என்று கொல்லிமலையில் இன்றும் ஊர்கள் நாடுகளாகவே அறியப்படுகின்றன.

அந்தச் சகோதரர்களில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருந்தால், இன்னொருவரின் ரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை அவருக்குச் செலுத்த முடிந்திருக்குமா? உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். மற்ற இருவரில் ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு 44 சதவீதம்.

இதை முடிவு செய்பவை ஆறாம் குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள். நம் அணுக்களின் மேற்பரப்பில் அடையாளப் புரதங்களை உருவாக்குபவை இவை. ரோந்து வரும் வெள்ளணுக்கள் இந்தப் புரதங்களைப் பார்த்தே நம்முடையது எது, அயலானது எது என்று பிரித்தறிகின்றன. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என்று இவை மொத்தமாகக் கைமாறுவதால்தான் நான்கில் ஒன்று என்ற கணக்கு வருகிறது. இந்த மரபணுக்களில் இதுவரை 40,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் கண்டறியப்பட்டுள்ளன. முதல் அடையாளத்தை 1958-இல் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே 1980-இல் நோபல் பரிசு பெற்றார்.

சிறுநீரக மாற்றில், நோயாளியின் உடல் புதிய உறுப்பை எதிர்க்கும். குருத்தணு மாற்றில் ஆபத்து எதிர்த்திசையிலும் வரும். தானமாக வந்த அணுக்களிலிருந்து வளரும் வெள்ளணுக்கள், நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றை அயலானவை என்று எண்ணித் தாக்கும். அமெரிக்காவில் 1988 முதல் 2003 வரை உறவினர் அல்லாதவர்களிடம் தானம் பெற்ற 3,857 பேரின் விவரங்களை ஆராய்ந்தபோது, முக்கியமான எட்டு எச்.எல்.ஏ. அடையாளங்களும் பொருந்தியவர்களில் 52 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தனர். ஓர் அடையாளம் மாறியிருந்தால் அது 43 சதவீதமாகக் குறைந்தது.

ஆனால் முழு ஒற்றுமையும் வரமல்ல. ஒரே கருவில் தோன்றிய இரட்டையரிடமிருந்து தானம் பெற்றால் இந்தத் தாக்குதல் ஏறக்குறைய இருக்காது. ரத்தப் புற்றுநோய் திரும்பும் வாய்ப்போ கூடும். அந்நிய வெள்ளணுக்களின் சீற்றமே மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் அழிக்கிறது. தாக்குதல் உடலைச் சிதைக்காமல் புற்றை மட்டும் அழிக்க வைப்பதே இத்துறையின் பெருங்கனவு.

எச்.எல்.ஏ. வடிவங்களில் இத்தனை வேறுபாடு ஏன்? கிருமிகளே காரணம். ஒரு வடிவத்தை ஏமாற்றும் கிருமி இன்னொரு வடிவத்திடம் சிக்கிவிடும். கொள்ளைநோய்களில் மனித இனம் முழுவதுமாக அழியாமல் காத்த பன்மைதான், இன்று பொருத்தமான கொடையாளரைத் தேடும்போது தடையாகிறது. தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் செய்யும் சமூகங்களிடையே எச்.எல்.ஏ. வடிவங்கள் மாறுபடுவதை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் குழுவினர் ஆராய்ந்து காட்டினர். ஒரு சமூகத்தில் அரிதான வடிவம் இன்னொன்றில் பரவலாக இருக்கலாம். எனவே உடன்பிறந்தவர் பொருந்தாத நோயாளிக்குப் பெரும்பாலும் அவர் சமூகத்திலிருந்தே கொடையாளர் கிடைப்பார்.

பாதி பொருந்தும் பெற்றோரையே கொடையாளராக்கும் முறை இப்போது பலருக்கும் கைகொடுக்கிறது. என்றாலும் கொடையாளர் பதிவேடு பெரிதாகவும் பரந்ததாகவும் இருக்க வேண்டிய தேவை குறையவில்லை. வேலூர் சி.எம்.சி. 1986-இலேயே குருத்தணு மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கியது. சென்னையில் 2009-இல் தாத்ரி கொடையாளர் பதிவேடு உருவானது. பதிவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் ஒரு துடைப்பு போதும். பொருத்தம் கண்டறியப்பட்டால், பெரும்பாலும் கையிலிருந்து ரத்தம் எடுத்தே குருத்தணுக்களைப் பிரித்துக்கொள்வார்கள்.

பதிவேட்டில் நகரத்தவர் மட்டும் நிறைந்தால், மலையில் பிறந்த குழந்தைக்கு அதில் பொருத்தம் கிடைப்பது கடினம். மலைநாடுகளுக்கும் பதிவு முகாம்கள் செல்ல வேண்டும். 18 வயது நிறைந்த ஆரோக்கியமான இளைஞர்கள் எந்த ஊரில் இருந்தாலும் பெயர் பதிந்து கொள்ளுங்கள். அழைப்பு வரும் நாளில் தயங்காமல் வாருங்கள்.