புடவை எத்தனை நாள் தூங்குகிறது?

ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஆகாய கங்கையில் குளிக்கக் கூட்டம் மேலே ஏறும். அதே நாட்களில் மலைக்குக் கீழே நாமக்கல்லிலும் சேலத்திலும் ஜவுளிக்கடை வாசலில் ‘ஆடித் தள்ளுபடி’ என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். வாங்குபவருக்கு அது விலைக்குறைப்பு. கடைக்கோ, அலமாரியில் முடங்கிய பணத்தை வெளியே எடுக்கும் முயற்சி.

மலையில் விளையும் அன்னாசி சில நாளில் அழுகிவிடும். சோளக்காடு சந்தையில் கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டும். மிளகு அப்படியில்லை. காயவைத்து மூட்டை கட்டினால் விலை ஏறும்வரை காத்திருக்கலாம். புடவை மிளகு போலத் தோன்றும் அன்னாசி. நூல் அப்படியே இருக்கும், டிசைன் பழசாகிவிடும்.

கணக்கு விதி இங்கேதான் நம்மை அசத்துகிறது. மூவாயிரம் ரூபாய்க்குக் கொள்முதல் செய்த புடவை விற்காமல் கிடந்தால், அந்த மூவாயிரம் செலவாகவே எழுதப்படாது, சொத்தாக நிற்கும். விற்கும் நாளில்தான் லாபக் கணக்குக்குள் நுழையும். மதிப்பு இறங்கியிருந்தால் குறைத்து எழுத வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் எவ்வளவு இறங்கியது என்பது நிர்வாகத்தின் மதிப்பீடு. அதனால் கிடங்கு நிரம்பி வழியும் கம்பெனிகூட நல்ல லாபம் காட்ட முடியும். வங்கிக் கடனுக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்.

காஞ்சிப்பட்டு விற்கும் வரமகாலட்சுமி சில்க்ஸ் கடைகளை நடத்தும் ஐதராபாத் நிறுவனம் சாய் சில்க்ஸ் கலாமந்திர். 2023 செப்டம்பரில் அது பங்குச்சந்தைக்கு வந்தது. புதுப் பங்குகள் வழியே 600 கோடி ரூபாய் திரட்டியது. அதில் 30 புதிய கடைகள் திறக்க ஒதுக்கியது சுமார் 125 கோடி. நடைமுறை மூலதனத்துக்கு 280 கோடி. கடை கட்டுவதைவிட, சரக்கு வாங்கி வைத்து அன்றாடம் வியாபாரம் ஓட்டுவதற்குத்தான் இரண்டு மடங்குக்கு மேல் பணம் வேண்டியிருக்கிறது! பட்டு வியாபாரத்தின் இயல்பே அது.

இந்த வியாபாரம் வானத்தையும் பார்க்கிறது. 2024 மே 18 அன்று வியாழனும், ஜூன் 4 அன்று வெள்ளியும் சூரியனுக்குப் பின்னால் போயின. இப்படி வியாழனான குருவும் வெள்ளியான சுக்கிரனும் அஸ்தமித்திருக்கும் நாட்களில் தெலுங்கு மாநிலங்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் சாய் சில்க்ஸின் விற்பனை, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிடக் குறைந்தது. ஒரு காலாண்டை மட்டும் பார்த்துவிட்டு கம்பெனி நொடிந்தது என்றோ கொழிக்கிறது என்றோ சொல்வது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? முகூர்த்தமும் பண்டிகையும் எந்தக் காலாண்டில் விழுந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாடகையிலும் ஒரு மறைவு இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல், நீண்டகாலக் குத்தகை வாடகை பெரும்பாலும் தேய்மானமாகவும் வட்டியாகவும் எழுதப்படுகிறது. ஆகவே தேய்மானம், வட்டி கழிக்கும் முன் காட்டும் லாபம் பெரிதாகத் தெரியும். மாதம் பிறந்தால் கட்டிட உரிமையாளருக்குப் போகும் பணம் என்னவோ குறைவதில்லை.

புடவை எத்தனை நாள் தூங்குகிறது என்ற கணக்கு எளிது. ஆண்டுக்கு 200 கோடி அடக்கவிலையுள்ள துணியை விற்கும் கடையில் 100 கோடிக்குச் சரக்கு கிடந்தால், ஒரு புடவை சராசரியாக ஆறு மாதம் அங்கே தூங்குகிறது. பட்டுக்கடைக்கு இது சகஜம். அன்றாட உடுப்புக் கடைக்கு ஆபத்து. 2018இல் உலகமெங்கும் உடை விற்கும் எச் அண்ட் எம் நிறுவனத்திடமே சுமார் 430 கோடி டாலர் மதிப்புள்ள விற்காத சரக்கு குவிந்து உலகச் செய்தியானது. நம் ஊர்க் கடைகளின் செப்டம்பர் 30 கணக்கில் தீபாவளிச் சரக்கும் சேர்ந்திருக்கும் என்பதால், அந்தச் சரக்கிருப்பை முந்தைய செப்டம்பரோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஜவுளிக்கடைப் பங்கு வாங்க நினைப்பவர்கள் லாபத்தைப் படிக்குமுன் சரக்கிருப்பு எத்தனை நாளுக்கு என்று கணக்கிடுங்கள். பிறகு பணப்பாய்வு அறிக்கையைத் திறந்து, வியாபாரத்திலிருந்து வந்த ரொக்கத்தில் வாடகையைக் கழியுங்கள். மிச்சம் சில ஆண்டுகளாகவே லாபத்தைவிட மிகக் குறைவாக இருந்தால், காரணம் தெரியும்வரை பணத்தைப் போடாதீர்கள். ஆண்டறிக்கைகள் பங்குச்சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன.