பூல் டேபிளில் ‘ஃபவுல்’ தகராறா? யார் சொல்வது செல்லும்?

லோக்கல் பூல் போட்டிகளில் டேபிளுக்கு ஒரு நடுவர் இருப்பது அபூர்வம். ஆடுறவங்களேதான் நடுவர். “என் பந்துலதான் முதல்ல பட்டது”, “இல்லவே இல்ல” என்ற சண்டை அங்கேதான் ஆரம்பம். ஃபவுல் ஆனால், எதிராளி வெள்ளைப் பந்தை டேபிளில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். அந்த ஒரு ஷாட்டிலேயே கேம் கைமாறிடும்.

விதி என்ன சொல்லுது?

வெள்ளைப் பந்து இரண்டு பந்துகளிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பட்டு, எது முதலில் என்று தெரியாவிட்டால், சரியான பந்தில்தான் முதலில் பட்டதாகக் கணக்கு. உலக பூல்-பில்லியர்ட் சங்கத்தின் விதி இது. அதாவது, சந்தேகத்தின் பலன் அடிச்சவருக்கே!

ஃபவுலை அடுத்த ஷாட்டுக்கு முன்பே சொல்லணும். அதுக்கப்புறம் சொன்னால் செல்லாது.

தடுப்பது எப்படி?

ஷாட் சிக்கலாகத் தெரிந்தால், அடிப்பதற்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்க. பொதுவான ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்க. அவர் சொல்வதே முடிவு. அடிச்ச பிறகு சுத்தி நிற்கிறவங்ககிட்ட கேட்டால், யாருக்கு ஃபிரெண்ட்ஸ் அதிகமோ அவர்தான் ஜெயிப்பார்.

வெள்ளைப் பந்து குழியில் விழுந்தால் எங்கிருந்து ஆடுவது என்பது பார்லருக்கு பார்லர் மாறும். அதை முதல் மேட்சுக்கு முன்பே எழுதி ஒட்டிடுங்க.