கடல் கடந்த உபதேசியார்

ராகலையின் தேயிலைச் சரிவுகளில் ஞாயிறு காலை ஆலயமணி ஒலிக்கும்போது, அவ்வோசைக்குப் பின்னேயுள்ள பழைய கடற்பயணத்தை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்?

மலைநாட்டில் கோப்பி செழித்திருந்த காலம். 1854ஆம் ஆண்டில் தோட்டத் துரைமார் சிலரும் சர்ச் மிஷனரி சங்கத்தாரும் சேர்ந்து 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் பணியைத் தொடங்கினர். ஊழியத்திற்கு ஆள் வேண்டுமே! திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசிமார் கடல் கடந்து வந்தனர். தொழிலாளரின் மொழியே அவர்கள் மொழி. ஊரைப் பிரிந்த ஏக்கமும் அவர்கள் அறியாததன்று.

ஆனால், அவர்தம் சம்பளத்திற்குத் துரைமாரும் பணம் தந்தனர். சிக்கல் அங்கேதான் பிறந்தது. துரையின் காசில் உண்பவர், லயத்தில் வாழ்வோரின் துயரத்தைத் துரையிடமே எடுத்துரைப்பது எளிதா?

1902இல் யாழ்ப்பாணம் வந்த வே. சா. அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தாமே பொருள் சேர்த்துத் தமிழகத்துக்கு ஊழியரை அனுப்பும் முயற்சியைக் கண்டார். மறு ஆண்டே நெல்லையில் இந்திய மிஷனரி சங்கம் எழுந்தது. அதே 1903இல் ஜான் ரங்கையா என்னும் தெலுங்குப் போதகர், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாய் உழன்ற தம் மக்களிடம் சென்றார். இவ்விரு முயற்சிகளையும் தாங்கியது துரையின் பணமன்று. ஏழை விசுவாசிகளின் காணிக்கை.

1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியபோது, அவர்களுக்கு வேண்டியிருந்தவர் பிரசங்கியார் மட்டுமல்லர். தம்மோடு நின்று பேசும் தலைவர். அத்தகையோரைப் பயிற்றுவிக்க வேதபாடம் வேண்டும். லயத்து வாழ்வும் வேண்டும். பின்னதைக் கற்பிக்க எந்தக் கடலையும் தாண்ட வேண்டியதில்லை.