சிடியைப் போட்டதும் பாட்டின் பெயர் எங்கிருந்து வருகிறது?

கச்சேரிப் பதிவுகள், பக்திப் பாடல்கள், இரண்டு படப் பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்து விற்ற சினிமா சிடிகள் என்று பல வீடுகளில் பழைய இசைக் குறுந்தகடுகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் சிடி டிரைவ் கிடையாது. ஆகவே, யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை வாங்கி, இலவச பிளேயர் ஒன்றை டவுன்லோடு செய்கிறோம். சிடியைப் போட்ட சில நொடிகளில் ஆல்பத்தின் பெயர், பாடியவர், பாட்டுப் பட்டியல், சில சமயம் அட்டைப்படம்கூடத் திரைக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலான இசை சிடிகளில் இந்த விவரம் எதுவும் பதியப்பட்டிருப்பதில்லை. கம்ப்யூட்டர்தான் இணையத்தில் விசாரித்து வாங்கித் தருகிறது. அது யாரிடம் கேட்கிறது, கேட்கும்போது நம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவும், வேண்டாம் என்று மறுக்கவும் நமக்கு உரிமை உண்டு.

வெளியே போவது என்ன?

1982இல் விற்பனைக்கு வந்த இசை சிடியின் மூல வடிவத்தில் பாட்டின் பெயருக்கென்று இடம் ஒதுக்கப்படவில்லை. எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற ஒரு சிறு பட்டியல் மட்டுமே அதன் தொடக்கத்தில் இருக்கும். ஒரு நொடியை 75 பங்காகப் பிரித்து அந்த இடங்கள் குறிக்கப்படுகின்றன. பிளேயர் இந்தக் கணக்கிலிருந்து ஒரு குறியீட்டை உருவாக்குகிறது. சிடிடிபி என்ற பழைய பாட்டுப் பெயர்ப் பட்டியலின் முறையில் அது 8 எழுத்து. மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற தளத்தின் முறையில் 28 எழுத்து. இந்தக் குறியீடுதான் சர்வருக்குப் போகிறது. உங்கள் பாட்டின் ஒலி எங்கும் போவதில்லை. அந்த அளவில் பயம் தேவையில்லை.

ஆனால், குறியீடு தனியாகவும் போவதில்லை. உங்கள் ஐபி முகவரி, நேரம், பிளேயரின் பெயர் ஆகியவையும் சர்வருக்குத் தெரியும். பழைய சிடிடிபி முறையில், தேடலைத் தொடங்கும் முன் கம்ப்யூட்டரில் உள்ள பயனர் பெயரையும் கம்ப்யூட்டரின் பெயரையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. பொறுப்பான மென்பொருள்கள் அந்த இடத்தில் பொதுப்பெயர் ஒன்றைப் போட்டு அனுப்புகின்றன. எல்லாம் அப்படிச் செய்யும் என்று நம்பிவிட முடியாது. இந்தப் பழைய முறையில் தகவல் மறையாக்கம் இல்லாமலே பயணிப்பதால், பொது வைஃபையை நடத்துபவர்கூட அதைப் படிக்கலாம்.

இது வெறும் ஊகம் அல்ல

ரியல்ஜூக்பாக்ஸ் என்ற இலவச பிளேயர், மக்கள் என்ன சிடி கேட்கிறார்கள், எத்தனை பாட்டுகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்ற விவரங்களைத் தனி அடையாள எண்ணோடு நிறுவனத்துக்கு அனுப்பிவந்தது 1999 நவம்பரில் அம்பலமானது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் வெளியிட்டது. விண்டோஸ் மீடியா பிளேயரும் பார்த்த டிவிடிகளின் விவரத்தை அடையாள எண்ணோடு அனுப்பியது 2002இல் தெரியவந்தது. அதன் பிறகே மைக்ரோசாஃப்ட் தனது தனியுரிமை அறிக்கையை மாற்றியது.

எல்லாவற்றிலும் மோசமானது 2005இல் நடந்தது. சோனி பிஎம்ஜி நிறுவனம் நகல் தடுப்பு என்ற பெயரில் பல இசை சிடிகளில் ஒரு மென்பொருளைச் சேர்த்து விற்றது. சிடியைக் கேட்பதற்காக அதை நிறுவியவர்களின் விண்டோஸில் அது தன்னைத்தானே ஒளித்துக்கொண்டது. வைரஸ்களும் அதே மறைவில் ஒளிந்துகொள்ள வழி கிடைத்தது. கூடவே வந்த பிளேயர், எந்த ஆல்பம் ஓடுகிறது என்ற எண்ணை நிறுவனத்தின் தளத்துக்கு அனுப்பியது. மார்க் ருசினோவிச் என்ற மென்பொருள் வல்லுநர் இதை வெளிக்கொண்டு வந்தார். வழக்குகள் தொடர்ந்தன, சிடிகளைத் திரும்பப் பெறவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்யவும் நிறுவனம் இணங்க வேண்டியதாயிற்று. காசு கொடுத்துக் கடையில் வாங்கிய அசல் சிடியிலேயே இது நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

மக்கள் சேர்த்த தகவல் யாருக்குச் சொந்தம்?

1990களில் டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் ஆகியோர் தொடங்கிய சிடிடிபி பட்டியலை வளர்த்தவர்கள் சாதாரண ரசிகர்கள். தங்களிடம் இருந்த சிடியின் உறையைப் பார்த்துப் பாட்டுப் பெயர்களைத் தட்டச்சு செய்து இலவசமாக அனுப்பினார்கள். 1998இல் அது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பின்னர் கிரேஸ்நோட் ஆனது. மக்கள் கொடுத்த தகவலைப் பயன்படுத்த மென்பொருள் எழுதுபவர்கள் புதிய உரிம நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டி வந்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஃப்ரீடிபி. அது 2020இல் மூடப்பட்டபோதும், யாரும் நகலெடுக்கலாம் என்ற உரிமம் இருந்ததால் அதன் பட்டியல் வேறு சர்வர்களில் பிழைத்தது. லாப நோக்கமற்ற மெட்டாபிரெய்ன்ஸ் அறக்கட்டளை நடத்தும் மியூசிக்பிரெய்ன்ஸ், தன் அடிப்படைத் தகவல்களைப் பொதுச்சொத்தாகவே அறிவித்திருக்கிறது. உங்கள் சிடிக்குப் பெயர் வராமல் போனாலோ தவறாக வந்தாலோ நீங்களே சேர்க்கலாம், திருத்தலாம். சேர்க்கும் முன் அந்தத் தளத்தின் உரிமத்தைப் படியுங்கள்.

போலி டவுன்லோடு என்னும் கண்ணி

பெயர் தேடலைவிடப் பெரிய ஆபத்து, பிளேயரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. 2022இல் விஎல்சி பிளேயரை வெளியிடும் வீடியோலேன் அமைப்பின் தளம் இந்தியாவில் பல மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது. சட்ட அறிவிப்பு அனுப்பப்பட்ட பின், நவம்பரில் தடை நீங்கியது. அசல் தளம் திறக்காத காலத்தில் கண்ட தளத்தில் தேடுபவர்கள் போலிகளிடம் மாட்டிக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு இருந்திருக்கும்! தேடல் முடிவில் முதலில் வரும் விளம்பரமும், பெரிய பச்சை பட்டனும் அசலுக்கு அத்தாட்சி அல்ல.

சட்டம் தரும் பாதுகாப்பு

சிடியின் பாட்டைக் கம்ப்யூட்டரில் நகலெடுக்கலாமா? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. நகலை விற்பதும் ஊருக்கெல்லாம் பகிர்வதும் வேறு. பிரிவு 63இன் கீழ் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. அனுமதியின்றி உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி குற்றம். தகவலைத் திரட்டுவதற்கான ஒப்புதல் தெளிவாகப் பெறப்பட வேண்டும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது.

செய்ய வேண்டியவை

1. பிளேயரை அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். நிறுவும்போது கூடவே வரும் டூல்பார், கிளீனர் போன்றவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

2. விஎல்சியை விண்டோஸில் முதன்முறை திறக்கும்போது, இணையத்திலிருந்து பாட்டு விவரம் எடுக்கலாமா என்று அனுமதி கேட்கும் சிறு பெட்டி வரும். படிக்காமல் ஓகே கொடுக்காதீர்கள். பிறகும் டூல்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் ஆப்ஷன்ஸ் பகுதியின் பிரைவசி தாவலில் இதே வசதி உண்டு. நிறுத்திவிட்டாலும் சிடி பாடும். பெயருக்குப் பதில் டிராக் 1, டிராக் 2 என்று வரும், அவ்வளவுதான்.

3. சிடியைப் போட்டதும் அதிலுள்ள மென்பொருள் தானாக இயங்காதபடி விண்டோஸ் செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள்.

4. பாட்டு எண்ணிக்கையும் நீளமும் ஒத்துப்போனால் வேறொரு ஆல்பத்தின் பெயர் வரக்கூடும். உறையோடு சரிபார்த்த பிறகு சேமியுங்கள்.

5. போலி மென்பொருளை நிறுவிவிட்டால் உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, ஆன்டிவைரஸால் முழுமையாகச் சோதியுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். திரைப்பிடிப்புகளை அழிக்காமல் வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய சிடியிலோ டிரைவிலோ குறை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

பாட்டின் பெயரைக் கேட்டு வாங்குவது நல்ல வசதி; அதை யாரும் கைவிடத் தேவையில்லை. ஆனால், அது உங்களுக்குத் தெரிந்து, உங்கள் சம்மதத்தோடு நடக்க வேண்டும். அடுத்த சிடியைப் போடும் முன் பிளேயரின் செட்டிங்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள்; வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரிலும் பார்த்துச் சரிசெய்து கொடுங்கள்.